ஆறாம் அத்தியாயம்: பெட்டியில் உள்ள காரும் ஏ9 வீதியில் ஓடும் காரும்

முந்திய அத்தியாயங்களில் சிறிய கிட்களை வைத்துக் கை பழகியாயிற்று. வெட்டவும் ஒட்டவும் அரத்தாள் பிடிக்கவும் தெரிந்துவிட்டது. இனிப் பொறுமையைச் சோதிக்கும் ஒரு காரை எடுப்போம்: 1966ஆம் ஆண்டின் வொக்ஸ்வாகன் 1300 பீட்டில், 1/24 அளவில். ஜப்பானின் தமியா நிறுவனம் இந்தக் காரை இந்த அளவில் வெளியிட்டிருக்கிறது. வேறு நிறுவனத்தின் பீட்டில் கைக்கு வந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

பார்வைக்குப் பீட்டில் சுலபமான கார். ரேடியேட்டர் கிரில் கிடையாது, கூர்மையான மடிப்புகள் கிடையாது. அதுதான் சிக்கலும். உடல் முழுவதும் வளைவாக இருப்பதால் தவறை ஒளிக்க இடமில்லை. போனட்டின் மேல் வெளிச்சம் வழுக்கிச் செல்லும்போது, அரத்தாள் சரியாகப் படாத இடத்தில் அந்த வெளிச்சம் நெளியும். நான்கு மட்காட்களும் உடலோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பீடிங் ஓடுகிறது. அந்தக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் முழுக் காரும் பொம்மையாகத் தெரியும்.

நம் மாத்தளை மாவட்டத்துக்கு இந்தக் கார் பொருத்தமானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னால் இருக்கும் என்ஜின் காற்றால் குளிர்வது. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் பக்கம் ஏறும்போது கொதிப்பதற்கு அதில் தண்ணீரே கிடையாது. என்ஜினின் பாரம் ஓட்டும் சில்லுகளின் மேலேயே இருப்பதால் ஈரமான ஏற்றத்திலும் சில்லு வழுக்காமல் பிடிக்கும். மலைப்பாதைக்காரர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை.

எந்தக் காரைச் செய்யப்போகிறீர்கள்?

கத்தியை எடுக்குமுன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். பெட்டியில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவந்த கார். மாத்தளையில் இன்று ஓடும் பீட்டில் அது அல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்கு இருந்த கடும் கட்டுப்பாட்டில் புதிய கார் வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம், இருந்ததைக் காப்பாற்றினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இந்த இடைவெளிகளில் எல்லாம் பழைய கார்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் கராஜ்காரர்களும் டிங்கரிங் பாஸ்மாரும் குஷன் வேலைக்காரர்களும்தான். கிடைத்த பம்பரைப் பூட்டினார்கள், கிடைத்த லாம்பை வைத்தார்கள், ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டாக்கினார்கள், ரெக்சினை மாற்றினார்கள், வர்ணத்தைப் பல தடவை மாற்றினார்கள்.

ஆகவே இரண்டு கார்கள் உங்கள் முன் இருக்கின்றன. ஒன்று 1966இன் தொழிற்சாலைக் கார். மற்றது அறுபது ஆண்டுகளாக இந்த மலைநாட்டில் வாழ்ந்த கார். இரண்டையும் கலக்கக் கூடாது. புதிய கார் போலப் பளபளக்கும் உடலில் இன்றைய அகலமான டயரைப் பூட்டினால் அது எந்தக் காலத்துக் காரும் அல்ல. என் விருப்பம் இரண்டாவது. தொழிற்சாலைக் காரை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். மாத்தளை டவுனில் பஸ் நிலையத்தருகே நிற்கும் காரை நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை. இந்த அத்தியாயம் அந்தக் காருக்கானது.

காரைத் தேடிப் போதல்

இணையத்தில் ஆயிரம் படம் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை இடப்பக்க ஸ்டியரிங் கார்கள். கால் நடையாகப் போய் ஒரு காரைப் பார்த்துவிட்டு வருவது மேல். உரிமையாளரிடம் முறையாகக் கேளுங்கள். “ஐயா, உங்க காரை மாதிரி ஒன்னு செய்றேன். கொஞ்சம் படம் எடுத்து அளந்துக்கலாமா?” என்று ஸ்கேலைக் காட்டிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் போனட்டைத் திறந்து காட்டி, அந்தக் காரின் கதையையும் சொல்வார்கள். அந்தக் கதையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் எப்போது மாறியது என்பது அதில்தான் இருக்கும்.

படம் எடுக்கும்போது தூரத்தில் நின்று, சூம் செய்து எடுங்கள். அருகில் நின்று போனில் எடுத்தால் முன்பக்கம் பெருத்து, பின்பக்கம் சிறுத்துவிடும்; அளவு எடுக்க அந்தப் படம் உதவாது. நேர் முன், நேர் பின், நேர் பக்கம் ஆகிய மூன்றும் கட்டாயம். பிறகு சின்னச் சின்ன விஷயங்கள்: வைப்பர் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறது, கண்ணாடியைச் சுற்றிய ரப்பரின் அகலம், கதவுப் பிடி, ஓடுபலகையின் ரப்பர் கோடுகள், நம்பர் பிளேட் எங்கே பூட்டியிருக்கிறது, பின் லாம்பின் வடிவம்.

அளவுகளுக்கு ஒரு பிடிமானம் தருகிறேன். பீட்டிலின் முன் சில்லு அச்சுக்கும் பின் சில்லு அச்சுக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் சரியாக 100. நீளம் 4,070, மாதிரியில் ஏறத்தாழ 170. அகலம் 1,540, மாதிரியில் 64. அச்சிடை 100 என்ற எண்ணை மனத்தில் வைத்தால் மீதி எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டுப் படத்தை இரண்டு அச்சுகளுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் வருமாறு பிரின்ட் எடுத்து மேசையில் ஒட்டுங்கள். வேலை முடியும்வரை அதுவே உங்கள் வரைபடம்.

பீட்டில் கிடைக்காமல் மொறிஸ் மைனர் கிடைத்தால் அதையும் இதே கண்ணோடு பாருங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காரின் போனட் நடுவில் தட்டையான ஒரு பட்டை எழுந்து நிற்கும். சோதனைக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தபோதுதான் அகலம் சரியாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்த நான்கு அங்குலத்தின் தடம்தான் அந்தப் பட்டை. 1/24இல் அது 4.2 மில்லிமீட்டர். இதைத் தெரிந்தவர் அந்தப் பட்டையை அரத்தாளால் மழுக்கிவிட மாட்டார்.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொண்டுவருதல்

பெட்டியைத் திறந்ததும் டாஷ்போர்டைப் பாருங்கள். வலப்பக்க ஸ்டியரிங்குக்கான பாகம் தனியாக இருந்தால் வேலை மிச்சம். இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். 1966 பீட்டிலின் டாஷ்போர்ட் எளிமையானது: ஓட்டுநருக்கு முன்னால் வட்டமான வேகமானி, அதன் பக்கத்தில் சின்ன எரிபொருள் மானி, மறுபுறம் கையுறைப் பெட்டியின் மூடி. மெல்லிய ரேசர் வாளால் வேகமானிப் பகுதியையும் மூடிப் பகுதியையும் வெட்டி, இடம் மாற்றி ஒட்டி, இடுக்குகளைப் புட்டியால் அடைத்து, 600 அரத்தாளால் சமப்படுத்துங்கள். வெட்டும் முன் இரண்டு தடவை அளவெடுங்கள். ரேசர் வாள் எடுத்துக்கொள்ளும் தடிப்பை ஈடுசெய்ய 0.3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள் துண்டு ஒன்று வேண்டியிருக்கும்.

பெடல்களையும் மறக்கக் கூடாது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பவர் முதலில் ஸ்டியரிங்கையும் அடுத்துப் பெடலையும்தான் தேடுவார். பிறகு வைப்பர். வலப்பக்கக் காரின் வைப்பர்கள் இடப்பக்கக் காரின் வைப்பர்களுக்கு எதிர்த்திசையில் துடைக்கும். அதற்கான துளைகள் பெட்டியில் வந்த உடலில் தவறான இடத்தில் இருந்தால், ஸ்புரூவை (பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தை) நெருப்பில் இழுத்த நூலால் அடைத்து, புதிதாக 0.4 மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஸ்புரூ இழுக்க மெழுகுவர்த்தியைவிடக் குப்பி விளக்கின் சுடர் நல்லது. சுடருக்கு மேலே, சுடரைத் தொடாமல் பிடித்து, பிளாஸ்டிக் மினுங்கி இளகும்போது வெளியே எடுத்து மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மயிரிழை, மெதுவாக இழுத்தால் கம்பி.

உள்ளே இன்னும் சில நம்மூர் விஷயங்கள் இருக்கின்றன. டாஷ்போர்டின் மேல் சின்னப் பிள்ளையார், கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சங்காய், பின் கண்ணாடிக்குக் கீழே மடித்து வைத்த துவாய். 40 மில்லிமீட்டர் எலுமிச்சங்காய் 1/24இல் 1.7 மில்லிமீட்டர், புட்டியை உருட்டிச் செய்யலாம். எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். நீங்கள் பார்த்த காரில் இருந்ததை மட்டும் வையுங்கள்.

நம்பர் பிளேட்

1956 வரை பதிவான கார்களில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957 தொடக்கம் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தில் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். 1958இல் பதிலடியாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு அது இன்னும் நினைவிருக்கும். 1966இல் இலங்கையில் பதிவான கார் என்றால் அந்த எழுத்து அதில் இருந்தே தீரும். மாதிரியிலிருந்து அதை நீக்குவது அந்தக் காலத்தையும் சேர்த்து நீக்குவதாகும், ஆகவே இருக்கட்டும்.

ஒருவருடைய கார் நம்பரை அப்படியே எடுக்காமல் இரண்டு இலக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணினியில் உண்மையான அளவுக்கு வரைந்து, 24இல் ஒன்றாகச் சுருக்கி, டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடையில் லேசர் பிரின்ட் எடுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், மேலே கிளியர் அடித்தால் மை பரவும், மழைக்கால ஈரத்திலும் மங்கும்.

வர்ணம்: மாத்தளையின் வானத்தோடு ஒப்பந்தம்

இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் கேட்கும் வேலை இது. கெட்டுப்போகும் மாதிரிகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டுப்போகின்றன.

ஸ்பிரே கேன்களை விமானத் தபாலில் அனுப்ப அனுமதி இல்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து கிட் வந்தாலும் அதற்கான வர்ணம் கூடவே வருவது அரிது. நம் கைக்கு எட்டுவது வாகன வர்ணக் கடையில் கலந்து தரும் லாக்கர் பெயின்ட். நல்ல பொருள்தான், உண்மையான காரின் நிறத்தையே கலந்து வாங்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் வாகனத் தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். நேரடியாக ஈரமாக அடித்தால் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்புகளாகச் சுருங்கும். அரத்தாள் போட்டாலும் போகாது.

அதற்கு வழி, உடலைச் சட்டிபானை கழுவும் திரவத்தில் கழுவி அச்சு எண்ணெயைப் போக்கி, காயவைத்து, பிரைமரைத் தூறலாக அடிப்பது. முதல் தூறலில் பிளாஸ்டிக்கின் நிறம் பாதி தெரிய வேண்டும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது. பிரைமர் முழுதாக மூடிய பிறகு ஒருநாள் காயவிட்டு, 1000 நம்பர் அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தேய்க்கும்போது எங்கே பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கிறதோ அங்கே மேடு. எங்கே பிரைமர் தேயாமல் பளபளப்பாக இருக்கிறதோ அங்கே பள்ளம். பீட்டிலின் முன் போனட்டிலும் கூரைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையிலும் இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். வர்ணம் அடிக்குமுன் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றின் முதுகில் பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் அதே முறையில் அடித்துப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

இனி மெல்லிய அடுக்கு ஏன் என்பது. உண்மையான காரின் வர்ணம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு என்று கொள்வோம். மாதிரியிலும் அதே தடிப்பு ஏறினால், அது உண்மையான காரில் 2.4 மில்லிமீட்டர் தடிப்பில் பூசியதற்குச் சமம். கதவு இடுக்கு நிறைந்துவிடும், மட்காட் பீடிங் மூழ்கிவிடும். ஏர்பிரஷ்ஷில் 0.3 மில்லிமீட்டர் முனை, ஒரு பங்கு வர்ணத்துக்கு இரண்டு பங்கு தின்னர், காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, பத்து சென்டிமீட்டர் தூரம். இவை தொடங்க நல்ல அளவுகள். கதவுக் கோடுகளை வர்ணத்துக்கு முன்பே ஸ்கிரைபர் ஊசியால் கொஞ்சம் ஆழமாக்கி வையுங்கள்.

இப்போது வானம். லாக்கர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். சுற்றியிருக்கும் காற்று ஈரமாக இருந்தால், அந்தக் குளிரில் ஈரம் பனித்துளியாகப் படிந்து வர்ணத்துக்குள் அகப்படும். கறுப்பு, கடும் நீலம், சிவப்பு எல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். டிங்கரிங் பாஸ்மார் மழைநாளில் கிளியர் அடிக்காததன் காரணம் இதுதான். ஈரமானி ஒன்று வாங்கி வேலை மேசையில் வையுங்கள். 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று வேறு வேலையைப் பாருங்கள்; ஒட்ட, தேய்க்க, டாஷ்போர்டில் வேலை செய்ய எப்போதும் ஏதாவது மிச்சமிருக்கும்.

மாவட்டம் முழுவதும் ஒரே காலநிலை கிடையாது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாத்தளைக்கு மழைக்காலம். ரத்தோட்டையிலும் எல்கடுவப் பக்கத்திலும் நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் மூடுபனி காலை நேரத்தை விழுங்கிவிடும். அந்த மாதங்களில் உடலை அரத்தாள் தேய்க்கலாம், வர்ணம் வேண்டாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர் வீதி சுற்றி வரும் காலம் நமக்கு நல்ல காலம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் வெளித்திருக்கும். ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும் வரும், ஆகவே காலையிலேயே முடித்துவிட வேண்டும். தம்புள்ளை, கலேவெலப் பக்கம் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை ஈரம் பிரச்சினை இல்லை. அங்கே எதிரி காற்றும் தூசும். அவர்கள் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கி, அடித்து முடித்த உடலை உடனே ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் மூட வேண்டும்.

நேரம் காலை பத்து மணிக்குப் பிறகு, மாலை மூன்றுக்கு முன். கம்ப்ரஸரில் ஈரம் பிரிக்கும் கிண்ணம் இல்லாமல் தொடங்காதீர்கள். இந்த ஊர்க் காற்றை அழுத்தினால் அதிலிருந்து வரும் தண்ணீர் துளித்துளியாக வர்ணத்தின் மேல் விழும். தின்னரோடு ஐந்து முதல் பத்து சதவீதம் ரிட்டாடர் சேர்த்தால் ஆவியாதல் மெதுவாகி வெளுப்பு குறையும். வெளுத்தே விட்டாலும் பதற வேண்டாம். வெயில் உள்ள ஒரு நாளில் ரிட்டாடர் கலந்த தின்னரைத் தூறலாக அடித்தால் மேற்படை மறுபடி இளகி, உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேறிவிடும். வர்ணம் முழுதாகவே கெட்டுவிட்டால், கையுறை போட்டு, பிரேக் ஒயிலில் உடலை ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழற்றலாம். அது வர்ணத்தைத் தளர்த்தும், பிளாஸ்டிக்கைத் தொடாது. லாக்கருக்கு நேரம் அதிகம் எடுக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடையில் ஹார்ட்னரோடு தரும் 2கே கிளியரை வீட்டில் அடிக்காதீர்கள். அதில் உள்ள ஐசோசயனேட் சுவாசத்தை நிரந்தரமாகக் கெடுக்கக் கூடியது; கராஜ்களில் அதற்கென்று காற்று ஊட்டும் முகமூடி தேவை. சாதாரண லாக்கருக்கே கரி வடிகட்டி உள்ள முகமூடியும் திறந்த ஜன்னலும் வேண்டும். துணி மாஸ்க் தூசுக்கு மட்டும்தான்.

கிளியர் அடித்தபின் ஒரு வாரமாவது தொடாதீர்கள்; மழைக்காலத்தில் இரண்டு. உடலை மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் மணம் வரக் கூடாது. பிறகு 2000, 3000 நம்பர்களில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்டால் மினுக்குங்கள். விளிம்புகளில், குறிப்பாக மட்காட் வட்டத்தில், அழுத்தித் தேய்த்தால் வர்ணம் பிரைமர் வரை போய்விடும். நாம் செய்வது ஓடும் காரை என்பதால் கண்ணாடி போன்ற மினுக்கம் தேவையும் இல்லை.

கோடுகளும் ரப்பரும் குரோமும்

மாத்தளை டவுனுக்கு வடக்கே ஏ9 வீதியோரத்தில் இருக்கும் அலுவிகாரையில் ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். எழுத்தாணியால் கீறும்போது ஓலையில் எதுவும் தெரியாது. மரப்பிசின் எண்ணெயில் குழைத்த கரியைத் தேய்த்துத் துடைத்ததும் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து தெளிவாகும். கதவு, போனட் கோடுகளைக் கறுப்பாக்குவதும் இதே வேலைதான். எண்ணெய் வர்ணத்தைக் கெரோசின் அல்லது டர்பன்டைனில் நீர்க்க வைத்து, நுனித் தூரிகையால் கோட்டில் தொட்டால் தானாகவே ஓடும். பத்து நிமிடம் கழித்துப் பஞ்சுக் குச்சியால் குறுக்காகத் துடைத்துவிடுங்கள். லாக்கர் கிளியரின் மேல் இது பாதுகாப்பானது. கறுப்புக்குப் பதில் கடும் பழுப்பு பயன்படுத்தினால் வெளிர் நிறக் காரில் கண்ணை உறுத்தாது.

மட்காட் பீடிங்குக்கு, இழுத்த ஸ்புரூவில் 0.3 மில்லிமீட்டர் நூலை எடுத்துக் கோட்டுக்குள் வைத்து, மெல்லிய பசையை அங்கங்கே தொட்டுப் பிடிக்கச் செய்யுங்கள். அது கறுப்பா காரின் நிறமா என்பதை நீங்கள் எடுத்த படம் சொல்லும். பல கார்களில் நான்கு மட்காட்டுக்கும் ஒரே நிறம் இருக்காது. ஒன்றை மாற்றியபோது கிடைத்த பீடிங்கைப் போட்டிருப்பார்கள். அதையும் அப்படியே செய்யுங்கள்.

குரோம் பட்டைகளுக்கு ஒட்டும் உலோகத் தாள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சொக்கலட் சுற்றிய மெல்லிய அலுமினியத் தாளை, ஒட்டும் திரவம் பூசிக் காயவைத்து, ஒட்டி, புதிய பிளேடால் விளிம்பை வெட்டலாம். கிட்டின் பம்பர்களில் வரும் குரோம் எப்போதும் அளவுக்கு மீறி மின்னும். நீர்த்த கறுப்பை ஒரு தடவை பூசித் துடைத்தால் பல ஆண்டு மழையில் நின்ற பம்பராகிவிடும்.

கண்ணாடிகளை ஒட்டச் சூப்பர் குளூ கூடாது. அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். நம் ஊர் ஈரத்தில் இன்னும் மோசம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் தெரியாது, பிசகினால் தண்ணீரில் கழுவலாம்.

சில்லும் நிற்கும் விதமும்

1966 பீட்டிலுக்கு வந்தவை 5.60-15 டயர்கள், அகலம் 142 மில்லிமீட்டர், மாதிரியில் ஆறுக்குச் சற்றுக் குறைவு. இன்று பெரும்பாலும் 165 அகல ரேடியல் டயர் பூட்டியிருப்பார்கள். மாதிரியில் ஏறத்தாழ ஏழு. இந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, 27 மில்லிமீட்டர். 1966க்கு வந்த சில்லுகளில் காற்றுத் துளைகள் இருந்தன, மூடியும் தட்டையானது. பழைய குமிழ் மூடியைப் பூட்டிய கார்களும் ஊரில் உண்டு.

இதைவிட முக்கியம் பின் சில்லின் சாய்வு. அந்தக் காலத்துப் பீட்டிலின் பின் அச்சு ஊஞ்சல் போன்ற அமைப்பு. பாரமில்லாமல் நிற்கும்போது பின் சில்லுகளின் மேற்பகுதி சற்று வெளியே சாயும். பின் இருக்கையில் ஆட்களும் சந்தைச் சாக்கும் ஏறினால் நிமிர்ந்து, இன்னும் பாரமேறினால் மேற்பகுதி உள்ளே சாயும். உங்கள் கார் வெறுமையாக நிற்கிறதா, குடும்பத்தோடு புறப்படப் போகிறதா என்று தீர்மானித்து அச்சு முனையை ஒன்றிரண்டு பாகை அரத்தாளால் சரித்து ஒட்டுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது பீட்டிலைப் பீட்டிலாக்குவது இந்தச் சாய்வுதான்.

என்ஜின் உள்ள கிட்டாக இருந்தால், காற்றாடி உறை, பெல்ட், டைனமோ மூன்றையும் கவனமாகச் செய்யுங்கள். மூடியைத் திறந்தால் தெரிவது அவைதான். 1285 சிசி என்ஜினின் நான்கு ஸ்பார்க் பிளக் வயர்களுக்கு 0.3 மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். எண்ணெய்ப் பிசுக்கு அடியில் மட்டும்.

செம்மண் தூசைக் கடைசியாகச் சேருங்கள். செம்பழுப்பு நிறச் சுண்ணக் கட்டியைத் தேய்த்த பொடியைச் சில்லு வட்டத்துக்குள்ளும் ஓடுபலகைக்குக் கீழேயும் உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். மேலே வேண்டாம். இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். கூரை வரை தூசு பிடித்த பீட்டில் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பாதுகாத்து வைத்தல்

தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலுமாரியின் உச்சியில் வைக்காதீர்கள். மத்தியானச் சூட்டில் மெல்லிய பாகங்கள் வளையும். காரின் டாஷ்போர்டில் வைத்துக் கொண்டுபோவதும் அப்படித்தான். கிட்டில் வரும் மென்மையான டயரில் உள்ள இரசாயனம் ஆண்டுகள் செல்லச் செல்லப் பிளாஸ்டிக் சில்லையும் நிற்கும் தளத்தையும் தின்னும். நம் வெப்பத்தில் இன்னும் வேகமாக. சில்லின் உள்வட்டத்தில் கிளியர் ஒரு தடவை பூசிய பிறகு டயரை மாட்டுங்கள், தளத்தில் டயர் படும் இடத்தில் அலுமினியத் தாள் துண்டு வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, ஒக்டோபரில் மழை தொடங்குமுன் அதை மாற்றிவிடுங்கள். ஈரம் தங்கினால் நம்பர் பிளேட்டிலும் ஸ்டிக்கர்களிலும்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.